அண்ணாச்சி சொன்ன கடைசிக் குதிரை

அண்ணாச்சியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய கால்கள்தான். ரப்பர் செருப்பை மேசைக்கு அடியில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து புரூஃப் பார்ப்பது அவர் வழக்கம். மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் அச்சகத்தில் பேப்பர் கட்டிங் மிஷின் ஓட்டிய தம்பி மூச்சிரைக்க ஓடிவந்து அந்தக் கால்களில் விழுந்தான். சுடுதண்ணீர் பட்டதுபோல அண்ணாச்சி கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். வாசலில் கூடி நின்றவர்கள் அதைப் பெரிய மனுஷனின் அடக்கம் என்று நினைத்தார்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் காட்சி வந்தால் மனசு கனத்துப்போகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. சிவகாசியில் ஒரு நடுத்தர ஆப்செட் அச்சகத்தில் நான் டி.டி.பி. ஆபரேட்டராக இருந்தேன். காலண்டர்தான் முக்கிய வேலை. ஆடி பிறந்ததிலிருந்து மார்கழி வரைக்கும் மிஷின் ஓயாது. நான் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டிக் கொடுப்பதை அதே அறையில் எதிர்மேசையில் உட்கார்ந்து அண்ணாச்சி பிழை பார்ப்பார். அமாவாசை ஒரு கட்டம் தள்ளி விழுந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவார். மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகள் தூத்துக்குடியில் வாக்கப்பட்டிருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற மகன் இருந்தான். ஆனாலும் அவருக்கு நான் 'பாப்பா'தான்.

இளவயசில் அவர் சென்னையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். குதிரைப் பந்தயப் புத்தகம் வாராவாரம் அங்கேதான் அச்சாகும். எந்தக் குதிரை, யார் ஜாக்கி, எவ்வளவு எடை சுமக்கிறது, போன தடவை எத்தனையாவதாக வந்தது என்று பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து. பிழை பார்க்க உட்கார்ந்தவர் அதைப் படித்துப் படித்துக் குதிரைகளைச் சொந்தக்காரர்களைப் போலத் தெரிந்துவைத்துக்கொண்டார். ஈரத் தரையில் எது நன்றாக ஓடும், எந்தக் குதிரை ஆரம்பத்தில் பாய்ந்து கடைசியில் தளர்ந்துபோகும் என்றெல்லாம் சொல்லுவார். பந்தயம் மட்டும் கட்டியதே இல்லை. "நமக்கு வாசிக்கிறதோட சரி" என்பார்.

சிவகாசிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சனிக்கிழமை காலையில் மதுரையிலிருந்து பஸ் பார்சலில் பந்தயப் புத்தகம் ஒன்று வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அறை வாசலில் ஒரு சின்னக் கூட்டம் நிற்கும். மிஷின் ஆட்கள், பக்கத்துத் தீப்பெட்டிக் கம்பெனிக் கணக்கர், எப்போதாவது விருதுநகர் வத்தல் மண்டியிலிருந்து ஓர் ஏஜெண்ட். லாட்டரிச் சீட்டைத் தடை செய்த பிறகு அந்தக் கூட்டம் இன்னும் பெருத்தது. விருதுநகரில் போனிலேயே பந்தயம் பிடிக்கிற ஆள் ஒருவர் இருந்தார். இவர்கள் அவரிடம் சொல்லிக் கட்டுவார்கள். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மூணாவது ரேசுல இதப் பாருங்க, அஞ்சாவதுல இத விட்டுருங்க" என்று நிதானமாகச் சொல்லுவார். எல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டம் திரும்பத் திரும்ப வருகிற அளவுக்குப் பலித்தது. அதற்காக யாரிடமும் ஒரு டீக்கு மேல் வாங்கிக்கொள்ள மாட்டார். தான் சொன்னது ஜெயித்தது என்று கேள்விப்பட்டால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் மெதுவாகத் துடைப்பார். அந்தத் துடைப்பில் ஒரு கர்வம் இருக்கும். அவருக்கு இருந்த ஒரே கர்வம் அது என்று நினைக்கிறேன்.

கட்டிங் தம்பி மல்லாங்கிணறு பக்கத்து ஆள். சின்ன வயசிலேயே தாய் தகப்பன் இல்லாமல், மாமன் வீட்டில் தீப்பெட்டி ஒட்டி வளர்ந்தவன். வேலையில் சூரன். இரண்டு ரீம் பேப்பரை ஒன்றாக அடுக்கித் தட்டி, நூல் பிசகாமல் வெட்டுவான். அவனுடைய மனைவி வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண். எங்கள் அச்சகத்திலேயே பைண்டிங் பிரிவில் இருந்தாள். ஒரு பெண் குழந்தை. மற்றவர்கள் ரேஸைப் பொழுதுபோக்காக வைத்திருந்தபோது, இவன் மட்டும் அதில் முழுசாக இறங்கிவிட்டான். சனிக்கிழமை காலையிலிருந்தே அவன் கண் வாசலில் இருக்கும். அண்ணாச்சி சொன்னது ஜெயித்தால் அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கட்டுவான். தோற்றால், விட்டதைப் பிடிக்க அதைவிட அதிகமாகக் கட்டுவான்.

ஒருநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், அவன் மனைவி எங்கள் அறைக் கதவருகே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு தாயி."

அவள் என்னைப் பார்த்துத் தயங்கினாள்.

"பாப்பா இருந்தா என்ன? அது வெளிய சொல்லாது. நீ கேளு" என்றார் அண்ணாச்சி.

"இனிமே அவுகளுக்குத் தோக்குற குதிரையாச் சொல்லுங்க."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன்.

"நான் அவனுக்குச் சொல்லாம விட்டாப் பத்தாதா?"

"நீங்க சொல்லலேன்னா வேற ஆளத் தேடிப் போவாக. உங்க வாக்கு மேல அம்புட்டு நம்பிக்க. அந்த நம்பிக்க போனாத்தான் இந்தக் கிறுக்கும் போகும். ஜெயிக்கிறதுதான் அவுகள விட மாட்டேங்குது அண்ணாச்சி. தொடர்ந்து தோத்தா வெறுத்துப்போயி விட்டுருவாக."

"என்னையப் பொய் சொல்லச் சொல்ற."

"பொய் எதுக்கு? எது தோக்கும்னு உங்களுக்கு நெசமாத் தோணுதோ அதச் சொல்லுங்க. அது போதும்."

அவள் போய்விட்டாள். அண்ணாச்சி அன்று சாயங்காலம் வரைக்கும் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "அந்தப் பிள்ள கேட்டது ஞாயந்தான பாப்பா?" என்றார். ஞாயம்தான் என்றேன். அப்படித்தான் எனக்கும் பட்டது.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அது தொடங்கியது. வாசலில் நின்றவர்களுக்கு வழக்கம்போலச் சொல்லிவிட்டு, கட்டிங் தம்பியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மற்றவர்களுக்கு ஒரு குதிரை, இவனுக்கு வேறொன்று. அதற்கு ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும். "ஏலே, இது உனக்கு மட்டும். வெளிய சொல்லாத" என்றார். அதைக் கேட்டபோது அந்தத் தம்பியின் முகம் மாறியதை நான் மானிட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அவ்வளவு நேரம் நின்றிருந்தவனை யாரோ பக்கத்தில் உட்காரச் சொன்னதுபோல இருந்தது அந்த முகம். அண்ணாச்சியும் நானும் பணம் நஷ்டப்படுவதைப் பற்றி யோசித்தோம், குடும்பம் தேறுவதைப் பற்றி யோசித்தோம். அந்த முகத்தைப் பற்றி இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை.

தோற்கிற குதிரையைத் தேர்ந்தெடுப்பது சுலபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அண்ணாச்சிக்கு அதுதான் பெரிய பாடாக இருந்தது. ஒரேயடியாக மோசமான குதிரையைச் சொன்னால் அவனுக்கே சந்தேகம் வந்துவிடும். பார்க்க நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும், கடைசியில் தோற்கவும் வேண்டும். ஜெயிக்கிற குதிரைக்குச் செலவழித்த நேரத்தைப்போல இரண்டு பங்கு இதற்குச் செலவழித்தார். வாராவாரம் அவர் நினைத்தபடியே அவை தோற்றன. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற வழக்கம் நின்றுபோயிற்று.

திங்கட்கிழமை அந்தத் தம்பி வந்து கோபப்பட்டிருந்தால் அண்ணாச்சிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் வந்து இவரைத்தான் தேற்றினான். "விடுங்க அண்ணாச்சி, வாயில்லாத சீவன். அதுக்கு அன்னைக்கு என்ன நோவோ? நீங்க மனசுல வச்சுக்காதீக" என்பான்.

இருந்தாலும் அந்தப் பெண் நினைத்தது நடக்கத்தான் செய்தது. ஐப்பசி வாக்கில் அவன் கட்டுவது குறைந்தது. ஒரு சனிக்கிழமை வாசலுக்கே வரவில்லை. தீபாவளிக்கு மகளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்திருந்தான். அவன் மனைவி ஒரு தூக்குவாளியில் அதிரசம் கொண்டுவந்து அண்ணாச்சி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினார். "பலிச்சிருச்சு போல பாப்பா" என்றார். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அவன் வந்தான். கூட்டம் கலைந்த பிறகு தனியாக உள்ளே வந்து நின்றான்.

"அண்ணாச்சி, இதுதான் கடைசி. பிள்ள தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். கடைசியா ஒண்ணு சொல்லுங்க. அதோட விட்டுருதேன்."

அண்ணாச்சி புத்தகத்தைப் பிரித்தார். இந்தத் தடவை எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கக்கூடாது என்று நினைத்திருப்பார். அன்றைய பட்டியலிலேயே வயசான குதிரை ஒன்று இருந்தது. கால் வீங்கி மாசக்கணக்காக லாயத்தில் கட்டிக் கிடந்து, அப்போதுதான் திரும்பி வருகிறது. வெகுகாலமாக எதிலும் முதலாவதாக வந்ததில்லை. விரலை அதன் மேல் வைத்தார். "இதக் கட்டு" என்றார். அவன் அதைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். மறுபேச்சு இல்லாமல் தலையாட்டிவிட்டுப் போனான்.

அன்று சென்னையில் நல்ல மழை. நடந்ததை நாங்கள் மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் விவரமாகத் தெரிந்துகொண்டோம். கடைசி வளைவில் முன்னால் போன குதிரை சறுக்கி விழுந்திருக்கிறது. ஒட்டி வந்த குதிரைகள் அதில் இடித்துச் சிதறிவிட்டன. எல்லாவற்றுக்கும் பின்னால், யாரும் கண்டுகொள்ளாமல் தனியாக வந்துகொண்டிருந்த அந்தக் கிழட்டுக் குதிரைக்கு மட்டும் விலகிப் போக நேரம் இருந்தது. அது வெளிப்பக்கமாகச் சுற்றி முதலாவதாக வந்துவிட்டது. யாருமே கட்டாத குதிரை என்பதால் கட்டிய ஒருவனுக்குக் கொட்டியது. விருதுநகரிலிருந்து போனில் சேதி வந்த அன்று சாயங்காலம்தான் அவன் ஓடிவந்து காலில் விழுந்தான்.

"சொன்னீகளே அண்ணாச்சி, சொன்னீகளே" என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சு வரவில்லை. வாசலில் நின்றவர்களில் ஒருவர், "எங்களுக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணா?" என்று முறைத்துக்கொண்டார். அண்ணாச்சி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து உண்மையைச் சொன்னார். பூசி மெழுகவில்லை. "நான் உனக்குத் தோக்குற குதிரையத்தான் சொன்னேன்லே. இத்தன வாரமும் அப்படித்தான் சொன்னேன். இது தப்பி ஜெயிச்சது."

அவன் சிரித்தான். "மத்தவங்க பொறாமைப்படுதாங்கன்னு இப்படிச் சொல்றீக. புரியுது அண்ணாச்சி, நான் வெளிய மூச்சு விட மாட்டேன்."

"சத்தியமாச் சொல்லுதேன்லே."

"நீங்க எதுக்கு எனக்குத் தோக்குறதச் சொல்லணும்? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதில் பைண்டிங் பிரிவில் உட்கார்ந்து காலண்டருக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தது. அவளைக் காட்டிக்கொடுத்தால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று அண்ணாச்சி யோசித்திருப்பார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

தை பிறந்ததும் வேலையை விட்டான். சென்னையில் பந்தய மைதானத்துப் பக்கத்திலேயே இருந்தால் குதிரையை நேரில் பார்த்துக் கட்டலாம், அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தது போதும் என்றான். மனைவியின் கம்மலை மீட்டுக் கொடுத்துவிட்டு, கையில் கொஞ்சம் பணமும் வைத்துவிட்டுத்தான் போனான். முதலில் வாரம் ஒரு போன் வந்தது. பிறகு மாசம் ஒன்று. பிறகு அதுவும் இல்லை. அந்தக் கம்மல் மறுபடியும் அடகுக்குப் போனது.

அவள் பைண்டிங் வேலையை விட்டுவிட்டு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அண்ணாச்சி பதறிப்போனார். முதலாளியிடம் பேசிச் சம்பளம் கூட்டித் தரச் சொல்வதாக அவளிடம் மன்றாடினார்.

"கூலிக்காகப் போகல அண்ணாச்சி. இங்கன இருந்தா தினமும் உங்க மொகத்தப் பாக்க வேண்டியிருக்கு." அவர் தலை குனிந்ததைப் பார்த்து அவளே தொடர்ந்தாள். "உங்க மேல கோவம் இல்ல. கேட்டது நாந்தான? உங்களப் பாக்கும்போதெல்லாம் நான் வந்து கேட்டதுதான் ஞாபகம் வருது. என்னால முடியல."

அதற்குப் பிறகு அண்ணாச்சி குதிரை சொல்வதில்லை. கேட்டு வந்தவர்களிடம் கண்ணில் புரை விழுந்துவிட்டது, பொடி எழுத்து தெரியவில்லை என்றார். அதைவிடப் பொடியான பஞ்சாங்க எழுத்தை அதே மேசையில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். சில வாரத்தில் கூட்டம் நின்றது. பார்சலும் நின்றது.

சிவகாசியில் இருப்பவர்களுக்கு வெடிச்சத்தம் புதிதில்லை. கம்பெனிகளில் சரக்கைச் சோதித்துப் பார்க்க வெடிப்பார்கள். தூரத்தில் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதில் எது சோதனை, எது விபத்து என்று எங்களுக்குக் காதே சொல்லிவிடும். ஆனால் அண்ணாச்சி அதற்கப்புறம் எந்தச் சத்தம் கேட்டாலும் பேனாவை மூடி வைத்துவிடுவார். எழுந்து சன்னலுக்குப் போய் மேற்கே புகை தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு முதலாளி அறைக்குப் போய், "எங்கயாவது சேதி உண்டா?" என்று கேட்டு வருவார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உட்காருவார். அவர் வேலையை விட்டு நிற்கும் வரைக்கும் இது நடந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் இருந்த ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் மூப்படைந்ததுபோல எனக்குத் தோன்றும்.

கடைசியாக அவரைத் தூத்துக்குடியில் மகள் வீட்டில் பார்த்தேன். படுக்கையில் இருந்தார். என் மகனைப் பற்றி, அச்சகத்தைப் பற்றி விசாரித்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று நான் எழுந்தபோது, "பாப்பா, அன்னைக்கு மத்தவங்களுக்குச் சொன்ன குதிரையவே அவனுக்கும் சொல்லியிருந்தேன்னா அவன் தோத்திருப்பான். தோத்து, சத்தியத்தக் காப்பாத்திட்டு வீட்ல இருந்திருப்பான்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். அந்த மாசமே காலமாகிவிட்டார்.

போன வருஷம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தேன். காலையில் மண்டப வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது, காவலுக்கு இருந்தவர் என்னையே உற்றுப் பார்த்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. "அக்கா, நீங்க சிவகாசி பிரஸ்ல கம்ப்யூட்டர் பார்த்தீகள்ல?" என்றபோதுதான் குரலை வைத்து அடையாளம் தெரிந்தது.

ரேஸை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டதாகச் சொன்னான். அந்த ஒரு தடவைக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லையாம். எல்லாம் போன பிறகு ஊருக்குத் திரும்ப வெட்கமாக இருந்திருக்கிறது. அந்த வெட்கம் அப்படியே வருஷங்களாகிவிட்டது. இப்போது சம்பளத்தில் பாதியை மகள் பேருக்கு அனுப்புகிறான். மகள் நர்சிங் முடித்து மதுரையில் வேலை பார்க்கிறாள், போனில் பேசுவாள். அவள் அம்மா பேசுவதில்லை. இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோல நிதானமாகச் சொன்னான்.

"அண்ணாச்சி நல்லாருக்காகளா அக்கா?"

சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். உள்ளே நாதஸ்வரம் கேட்டது.

"சின்னதுலருந்து எனக்குன்னு யாரும் ஒண்ணு எடுத்து வச்சதில்லக்கா. மாமன் வீட்ல மிஞ்சுனாச் சோறு. அண்ணாச்சிதான் எல்லாரையும் வெளிய நிறுத்திட்டு என்னைய உள்ள கூப்பிட்டு, இது உனக்கு மட்டும்னு குடுத்தாக. நான்தான் அதக் காப்பாத்தத் தெரியாத பய."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அண்ணாச்சி இல்லை, இனி அவருக்கு நல்ல பேரும் கெட்ட பேரும் ஒன்றுதான். இவனுக்கு மட்டும் அது தெரியாமல் இருப்பது சரியா என்று தோன்றியது. தெரிந்தால் தன் மனைவி எவ்வளவு தவித்திருந்தாள் என்றாவது இவனுக்குப் புரியும். ஆனால் அந்த வாழ்க்கையில் ஒருவர் கூப்பிட்டுக் கொடுத்த ஒன்றே ஒன்றையும் நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

ஆட்டோ வந்து நின்றது. என் பையை அவனே தூக்கி உள்ளே வைத்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டான்.

"அந்தக் கிழட்டுக் குதிரைய எப்படிக்கா கண்டுபிடிச்சாக? நீங்க கூடவே இருந்தீகளே, உங்ககிட்ட ஏதும் சொன்னாகளா?"

"ரொம்ப யோசிச்சுத்தான் எடுத்தாரு தம்பி" என்றேன்.

அது பொய்யில்லை. அவன் தலையாட்டிக்கொண்டே கையை எடுத்தான். ஆட்டோ நகர்ந்தது.